குழாய்க்கு முதுகும் உண்டு, வாயும் உண்டு

எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடை விழாக் கமிட்டியாருக்கு,

வணக்கம்.

இந்த வருஷத் தலைக்கட்டு வரி 3,000 ரூபாயைப் போன வாரமே பொருளாளர் கையில் கொடுத்து ரசீது வாங்கிவிட்டேன். வில்லுப்பாட்டுக்கென்று தனியாக 2,000 கொடுத்திருக்கிறேன். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. கோயில் காரியத்தில் ஒருவர் குறை சொன்னால், சொன்னதில் நியாயம் இருக்கிறதா என்று பார்க்கும் முன்னால் "அவன் வரி கட்டிட்டானா?" என்று கேட்பது நம் ஊர் வழக்கம். நானே பலரைப் பார்த்து அப்படிக் கேட்டிருக்கிறேன். அடுத்த கேள்வி, "சாமி கும்பிடுறவனா?" கும்பிடுகிறவன்தான்; பந்தக்கால் நடும் கால்நாட்டிலிருந்து கொடை முடியும்வரை விரதம் இருக்கிறவன். மூன்றாவது, "வெளியூர்ல கெடக்கிறவனுக்கு இங்க என்ன பேச்சு?" தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்று நான்கு வருஷமாக மேலத் தெருவில் அம்மாவோடுதான் இருக்கிறேன்.

மூன்றுக்கும் பதில் சொல்லியாயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன். ரேடியோ செட்டை, அதாவது தெருவெல்லாம் கட்டும் குழாய் ஒலிபெருக்கிகளைப் பற்றித்தான் இந்த மடல்.

பங்குனி கடைசிச் செவ்வாய்க்கு நாள் குறித்திருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மேளம், வில்லு, பந்தல், ரேடியோ செட் எல்லாவற்றுக்கும் முன்பணம் கொடுக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். அதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நேரில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போன கொடையில் பந்தலுக்குள் வைத்து நேரில்தான் சொன்னேன். நீங்களும் தலையாட்டினீர்கள். நான் பேசியதில் ஒரு சொல்லும் உங்கள் காதில் விழவில்லை என்பது, "சாப்பாடு ரெண்டாவது பந்தி இப்பதான் போடுதாங்க" என்று நீங்கள் பதில் சொன்னபோது தெரிந்தது.

சத்தமே ஆகாத ஆள் என்று என்னை நினைத்துவிட வேண்டாம். 1979-ல், பள்ளிப் படிப்பு முடிந்து தபால் வேலை கிடைக்கும் வரை, பக்கத்து டவுனில் ஒரு சவுண்ட் சர்வீஸில் எடுபிடியாக இருந்தேன். வயர் சுருட்டுவது, இசைத்தட்டுகளைத் துடைத்து அடுக்குவது, பேட்டரி சுமப்பது, அப்புறம் மரம் ஏறிக் குழாய் கட்டுவது. ஒல்லியாக இருந்ததால் கடைசி வேலை எப்போதும் எனக்குத்தான். நம் கோயில் புளியமரத்தின் உச்சிக் கவட்டையில் முதன்முதலாகக் குழாய் கட்டியவன் நான். முதலாளி கீழே நின்றுகொண்டு, "இன்னும் கெழக்க திருப்புலே, இன்னும் கெழக்க" என்று கத்திக்கொண்டிருந்தார். பந்தல் இருப்பது மேற்கே. சனம் உட்கார்ந்திருப்பதும் மேற்கே. இறங்கி வந்து ஏன் என்று கேட்டேன். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "பந்தலுக்குள்ள இருக்கிறவனுக்குப் பெட்டி போதும்லே. குழாய் வராதவனுக்கு."

அப்போது அதில் ஒரு நியாயம் இருந்தது. பக்கத்து ஊர்களுக்கு நம் ஊரில் கொடை என்று தெரிய வேண்டும். வயற்காட்டில் நிற்கிறவனுக்கு, அம்மனை அழைக்கும் குடியழைப்பு ஆரம்பித்துவிட்டது தெரிய வேண்டும். இப்போது நோட்டீஸ் போட்டோவாக எல்லோர் போனுக்கும் வந்துவிடுகிறது. குவைத்தில் இருக்கிறவன்கூட எத்தனை மணிக்குச் சாமக்கொடை, அதாவது நடுராத்திரிப் பூசை, என்று தெரிந்து வைத்திருக்கிறான். வராதவனைக் கூப்பிடும் வேலை குழாய்க்கு இல்லாமல் போய்விட்டது. ஆனால் அன்றைக்கு நாலாக இருந்த குழாய் போன வருஷம் 26. நடந்து நடந்து நானே எண்ணினேன்.

எண்ணும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. பழைய தொழில்காரன் என்பதால் பட்டிருக்கலாம். குழாய்க்கு வாய் இருக்கிறது, முதுகும் இருக்கிறது. வாய்க்கு நேரே நிற்கிறவனுக்கு ஒரு சத்தம், முதுகுப் பக்கம் நிற்கிறவனுக்கு வேறு சத்தம். தலைவர் வீட்டுத் திருப்பத்து மின்கம்பத்தில் இரண்டு குழாய்கள். இரண்டும் அவர் வீட்டுக்கு முதுகு காட்டியிருந்தன. செயலாளர் வீட்டு மாடியை ஒட்டிய கம்பத்தில் குழாயே இல்லை, சீரியல் செட் விளக்கு மட்டும்தான். முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் வீட்டு வாசலில் பேருக்கு ஒன்று, ஆகாயத்தைப் பார்த்தபடி. அப்படியே நடந்து தெற்கே போனால், ரேஷன் கடை தாண்டியதும் குழாய்கள் நெருங்குகின்றன. ஓடைப் பாலத்தில் மட்டும் ஆறு. ஆறும் ஓடைக்கு அந்தப் பக்கத் தெருவைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

அந்தத் தெருவில் நாம் வரி வாங்குவதில்லை. கமிட்டியில் அவர்களில் ஒருவர் இருந்ததில்லை. கொடையன்று பந்தலுக்குள் வந்து உட்காரும்படி அவர்களை யாரும் அழைத்ததும் இல்லை. சத்தத்தை மட்டும் ஆறு குழாய் வைத்து அனுப்பிக்கொண்டிருக்கிறோம். இதை யாரும் திட்டம் போட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கட்டிய பையன்களைக் கேட்டேன். "அந்தப் பக்கம் யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க மாமா" என்றான் ஒருவன், ரொம்ப இயல்பாக. அவ்வளவுதான் காரணம். யார் சண்டைக்கு வருவார்களோ அவர்களுக்கு முதுகு. வர மாட்டார்களோ அவர்களுக்கு வாய். நம் ஊரில் யாருக்கு எவ்வளவு செல்வாக்கு என்று வெளியூர்க்காரன் ஒருவன் தெரிந்துகொள்ள நினைத்தால் யாரிடமும் விசாரிக்க வேண்டாம், அண்ணாந்து பார்த்துக்கொண்டே இரண்டு தெரு நடந்தால் போதும்.

கொஞ்சம் கணக்கு. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். குழாய்க்கு ஒரு மீட்டர் முன்னால் 110 டெசிபல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல குழாய் அதற்கு மேலேயே கொடுக்கும். 32 மீட்டர் தள்ளிப் போனாலும் 80 இருக்கும். ஒலி மாசு விதிகள் 2000-ல் வந்தன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 என்பது அதில் உள்ள அளவு. 110-ல் புறப்பட்ட சத்தம் 45-க்கு இறங்க வேண்டுமானால் ஏறக்குறைய 1,800 மீட்டர் போக வேண்டும். மரமும் சுவரும் காற்றும் இடையில் கொஞ்சம் விழுங்கும், சரி. ஆனால் நம் ஊரின் மொத்த நீளமே ஒரு கிலோமீட்டர்தான். தூங்குகிற அளவுக்குச் சத்தம் குறையும் இடம் ஊருக்குள் எங்குமே இல்லை. அதுவும் இது ஒரே ஒரு குழாய்க்கான கணக்கு.

குழாயின் சத்தம் ஏன் காதைத் துளைக்கிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. கனத்த ஒலியையும் மிகக் கீச்சான ஒலியையும் அது ஒழுங்காகத் தராது. நடுவில் இருக்கும் பேச்சொலியைத்தான் பிதுக்கித் தள்ளும். மனிதக் காது கூர்மையாக இருப்பதும் அந்த இடத்தில்தான். பிள்ளை அழுதால் தாய்க்கு உடனே கேட்க வேண்டும் என்பதற்காக அமைந்த காதோ என்னவோ. அந்தக் காதுக்கு நேரே கொண்டுபோய்க் குழாயை வைக்கிறோம். நாலைந்து வருஷமாக இதோடு கனத்த ஒலியை அதிரவைக்கும் பாக்ஸ் செட்டும் சேர்ந்துவிட்டது. அது காதோடு நிற்பதில்லை. ஓட்டு வீடுகளில் கண்ணாடி ஓடு கிணுகிணுக்கிறது, நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ தட்டுவதுபோல் இருக்கிறது. கட்டுத்தறியில் நிற்கும் மாடு கொடை மூன்று நாளும் சரியாகத் தீவனம் எடுப்பதில்லை என்று பால்காரர் சொன்னார். மாடு வரி கட்டவில்லை என்பதால் அதை விட்டுவிடுவோம்.

மனிதர்களிடம் வருகிறேன். போன கொடை முடிந்த மறு வாரம், டீக்கடையில், ரேஷன் வரிசையில், பஸ்ஸில் என்று முப்பது பேரிடமாவது பேச்சுக்கொடுத்துப் பார்த்தேன். "எனக்குக் கஷ்டமாக இருந்தது" என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற வாத்தியார், "எனக்குப் பழகிட்டு. கைப்பிள்ளக்காரிதான் பாவம்" என்றார். கைப்பிள்ளைக்காரியோ, "பிள்ள அழுதான், அது பரவால்ல மாமா. எதுத்த வீட்டுத் தாத்தாவுக்குத்தான் ஆஞ்சியோ பண்ணியிருக்கு" என்றாள். எதிர் வீட்டுத் தாத்தா, "நமக்கென்ன, காதே பாதிதான். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைய நெனச்சாதான்" என்றார். பரீட்சைக்குப் படித்த பெண்ணை அவள் அம்மா கொடை மூன்று நாளும் பாளையங்கோட்டையில் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டாள். பத்தாம் வகுப்புப் பரீட்சை நேரத்தில்தானே நமக்குப் பங்குனிச் செவ்வாய் வருகிறது. சித்தி இருக்கிறவர்கள் சித்தி வீட்டுக்குப் போகிறார்கள். மற்றப் பிள்ளைகள் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறார்கள்.

ஒவ்வொருவரும் தன் கஷ்டத்தை அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு நல்லபிள்ளையாக நிற்பதற்குக் காரணம் லேசில் புரிகிறது. "சத்தம் தாங்க முடியவில்லை" என்று சொன்னால், அது அம்மனைத் தாங்க முடியவில்லை என்று சொன்னதுபோல் ஆகிவிடுமோ என்ற பயம். சாமி குத்தம் என்ற சொல்லுக்கு முன்னால் பி.எச்டி. படித்தவனும் வாயை மூடிக்கொள்கிறான். இந்த வாய்மூடலைத்தான் நீங்கள் ஊர்ச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் என்று சொல்வது தப்பு, 2022 வரை நானும் கமிட்டியில் இருந்தேன். "ஒருத்தரும் குறை சொல்லலியே" என்று கூட்டத்தில் பேசியவர்களில் நானும் ஒருவன்.

பையன்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பேசக் கூடாது. திருப்பூரிலும் சென்னையிலும் வருஷம் முழுக்க ஒரு சூப்பர்வைசர் சொல்வதற்கு "சரி சார், சரி சார்" என்று தலையாட்டிக்கொண்டிருக்கிற பையன், மூன்று நாள் லீவு போட்டு ஊருக்கு வருகிறான். அந்த மூன்று நாள்தான் அவன் குரல் நாலு பேருக்குக் கேட்கும். ஆம்ப்ளிஃபையரின் குமிழ் அவன் கையில் இருக்கும் நேரம், ஊரே அவன் கையில். நான் மரத்தின் உச்சியில் உட்கார்ந்திருந்தபோதும் அப்படித்தான் இருந்தது. அவனிடம் போய் டெசிபல் என்று சொன்னால் அவனுக்குக் கோபம்தான் வரும். குமிழைப் பிடுங்கினால் போதாது, வேறு ஏதாவது அவன் கையில் கொடுக்க வேண்டும். என்ன கொடுப்பது என்று எனக்கும் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. ஒரு வருஷமாவது வில்லுப்பாட்டுக்காரர்களை ஏற்பாடு செய்யும் பொறுப்பை அவர்களிடம் விட்டுப் பார்க்கலாம்.

வில்லு என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். நான் சிறுவனாக இருந்தபோது நம் கோயில் வில்லுக்கு ஒரே ஒரு மைக்தான், அதுவும் பாதி நேரம் கரகரக்கும். கரகரத்தால் அதை ஓரமாக நகர்த்திவிட்டுப் பாடுவார்கள். வீசுகோல் நாணில் விழுந்ததும் வில்லில் கட்டிய மணிகள் சிலிர்க்கும். குடத்தின் வாயில் தட்டும்போது தும் என்று ஒரு ஒலி வரும். அது தரை வழியாக வந்து உட்கார்ந்திருக்கிறவன் உடம்பில் ஏறும். தலைமைப் பாடகரான வலதுபாடி ஒரு அடியை எடுத்துக் கொடுக்க, துணைப் பாடகரான இடதுபாடி வாங்கிக்கொள்வார். கேட்காதவன் பாயை எடுத்துக்கொண்டு முன்னால் நகர்ந்து உட்காருவான். நகர்ந்து நகர்ந்து கடைசியில் எல்லோரும் வில்லைச் சுற்றி முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்போம். இப்போது வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொண்டே வில்லுப்பாட்டு கேட்க முடிகிறது என்று பெருமையாகச் சொல்கிறோம். போன வருஷம் பந்தலில் வில்லுக்கு முன்னால் இருந்தவர்களை எண்ணினேன்: 19 பேர், குழந்தைகள் உட்பட. 26 குழாய், 19 பேர். அந்தப் 19 பேருக்கும் கதை தொடர்ந்து கேட்கவில்லை; பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வில்லை நிறுத்திவிட்டு நன்கொடைப் பட்டியல் வாசித்தீர்கள்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். சாமக்கொடையில் படைப்பு போட்டுத் திரை மறைத்ததும் நம் கோயிலில் எல்லாம் நிற்கும். மேளம் நிற்கும், ரேடியோ நிற்கும், ஜெனரேட்டரைக்கூடச் சில வருஷம் நிறுத்தியிருக்கிறோம். அப்புறம் அம்மன் இறங்கி ஆடும் கோமரத்தாடி குறி சொல்ல வரும்போதும் "ரேடியோவ நிறுத்துங்கடே" என்று முதலில் கத்துகிறவர் தலைவர்தான். அம்மன் பேசுவது கேட்க வேண்டுமே. ஆக, அம்மனுக்கு வேண்டிய நேரத்தில் நிசப்தம் வேண்டும் என்பது நமக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. மற்ற நேரத்துச் சத்தமெல்லாம் அவளுக்கு இல்லை, நமக்கு.

"அவங்க நிறுத்தட்டும், நாங்க நிறுத்துதோம்" என்று நீங்கள் சொல்வது எனக்கு இங்கேயே கேட்கிறது. அவங்க என்றால் கீழூர் சர்ச் அசன விருந்து, பள்ளிவாசல், அரசியல் கூட்டம், கல்யாண வீடு. அவர்களும் இதே வாக்கியத்தை நம்மைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். சென்னையில் ஒரு தேவாலயத்துக்கும் அந்தப் பகுதிக் குடியிருப்போர் சங்கத்துக்கும் நடந்த வழக்கில், அடுத்தவர் அமைதியைக் கெடுத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பை நம் ஊரில் ஒரு சிலர் உற்சாகமாகப் பகிர்ந்தார்கள். அதில் வரும் 'எந்த மதமும்' என்பதில் நாமும் சேர்த்திதான் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்ததுதான். இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக மாநில அரசு வருஷத்தில் மொத்தம் 15 நாளுக்கு மிகாமல் இரவு 12 மணி வரை தளர்வு கொடுக்கலாம், அதற்கு மேல் இல்லை. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டரை அமைதிப் பகுதியாக மாநில அரசு அறிவிக்கலாம். நம் ஆரம்ப சுகாதார நிலையம் கோயிலிலிருந்து எண்பது தப்படி தூரம். காவல் நிலையத்துக்குக் கொடுத்த மனுவில், "இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்திவிடுவோம் என்று உறுதி அளிக்கிறோம்" என்று இருக்கும். இருக்கும் என்ன, இருக்கிறது. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று ஒன்பது வருஷம் அந்த மனுவை எழுதிக் கொடுத்தவன் நான்தானே. எழுதும்போதே தெரியும். வாங்குகிற ஏட்டுக்கும் தெரியும். பதினொன்றரைக்கு ஸ்டேஷனிலிருந்து போன் வரும், பத்து நிமிஷம் குமிழைக் குறைப்போம், அப்புறம் பழையபடி.

அந்த விதிகளை இன்னும் கெட்டிப்படுத்தி 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு நீண்ட தீர்ப்புக் கொடுத்தது. ஓய்வு பெற்ற பின் அதைப் படித்துப் பார்த்தேன். அந்த வழக்கைத் தொடுத்தவர் ஒரு பொறியாளர். அவரை நீதிமன்றம் வரை போகவைத்தது பத்திரிகையில் வந்த ஒரு செய்தி. 13 வயதுப் பெண் குழந்தை ஒன்று பாலியல் வன்கொடுமைக்கு ஆளானபோது உதவிக்குக் கத்தியிருக்கிறது. அக்கம்பக்கத்தில் ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. படித்துவிட்டு மூடி வைத்துவிட்டேன். எங்கோ வடக்கே நடந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

போன கொடையன்று இரவு பதினொரு மணிக்கு நான் பந்தலில் இருந்தேன். அந்தப் 19 பேரில் நானும் ஒருவன். எங்கள் வீட்டுக்கு எதிர்க் கம்பத்துக் குழாய் ஜன்னலுக்கு நேராக இருந்தது. போனில் ஒரு செயலியை வைத்து அம்மாவின் கட்டில் அருகே சாயங்காலம் பார்த்தபோது 86 காட்டியது. போன் கணக்கு முன்னே பின்னே இருக்கும். அம்மாவுக்கு வயது 84. ஜன்னலைச் சாத்திவிட்டு, "நீ போய்க் கேட்டுட்டு வாய்யா, எனக்குத் தூக்கம் வந்திரும்" என்று அனுப்பிவைத்தாள். நான் திரும்பியபோது மணி பன்னிரண்டே கால். பின்வாசலில் குளியலறைப் படிக்குக் கீழே கிடந்தாள். வலது மணிக்கட்டு உடைந்திருந்தது. பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னால் விழுந்திருக்க வேண்டும். எனக்குக் கேட்கவில்லை என்பது இருக்கட்டும், எனக்குத் தூரம். ஒட்டுச் சுவர் வீட்டில் நாலு பேர் விழித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கவில்லை.

தூக்கி உட்கார வைத்ததும் அவள் சொன்னது: "கூப்பிட்டேன் எய்யா. முதல்ல உன்னக் கூப்பிட்டேன். பொறவு பக்கத்து வீட்ட. பொறவு அம்மனத்தான் கூப்பிட்டேன்."

மாவுக்கட்டு ஆறு வாரம் இருந்தது. இப்போது கை சரியாகிவிட்டது, டம்ளரைப் பிடிக்கும்போது மட்டும் கொஞ்சம் நடுங்குகிறது. கேட்கிறவர்களிடமெல்லாம் "பாசி வழுக்கிட்டு" என்று மட்டும்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கமிட்டியில் சொல்லப் போகிறேன் என்றதற்கு, "நல்ல நாளும் அதுவுமா கோயில் காரியத்துல குத்தம் சொல்லாத" என்று என்னைத்தான் திட்டினாள். இதை எழுதுவது இன்னும் அவளுக்குத் தெரியாது.

போலீசுக்குப் போகவா என்று யோசித்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். 100-க்கு அடிப்பது ஒரு நிமிஷ வேலை. ஆனால் அடித்தது யார் என்று மறுநாள் ஊர் தேடும். தேடும்போது என்னை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஓடைக்கு அந்தப் பக்கத்தைத்தான் கை காட்டுவார்கள். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தெருக்குழாய் அத்தனையையும் இறக்கிவிட்டு, பந்தலுக்குள் நாலு பெட்டி மட்டும், உள்பக்கமாகத் திருப்பி வையுங்கள். காலையில் ஆறுக்கு முன்னால் பக்திப் பாட்டு வேண்டாம். இரவு பத்துக்கு மைக்கை நிறுத்துங்கள், நாம் எழுதிக் கொடுத்தபடி. அதற்கப்புறம் வில்லு ஒலிபெருக்கி இல்லாமல் நடக்கட்டும். அவர்கள் தொண்டைக்கு அது முடியும், முடியுமா என்று அவர்களிடமே கேட்டுப் பார்த்துவிட்டேன், சிரித்துக்கொண்டே "எங்களுக்கு அதுதான் சுகம்" என்றார்கள். சாமக்கொடை மேளம் இருக்கட்டும். விதிப்படி பார்த்தால் இரவில் மேளமும்தான் கூடாது, தெரியும். வருஷத்துக்கு ஒரு சாமம், அரை மணி நேரம், தோல் மேளம். அதை எதிர்த்து எழுத எனக்குக் கை வரவில்லை. அதில் நான் நியாயஸ்தன் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரேடியோ செட்டுக்குப் போன வருஷம் கொடுத்தது 48,000 என்று வரவு செலவு நோட்டில் பார்த்தேன். மிச்சமாகும் பணத்தை என்ன செய்வது என்று கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம். ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு பேரைக் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும் என்பதையும் நான் எழுந்து சொல்லப் போகிறேன். அதற்கு வரும் சத்தத்துக்குத் தயாராகத்தான் வருகிறேன்.

இதெல்லாம் நடக்காது, குழாய் கட்டியே தீருவோம் என்று முடிவானால் ஒரே ஒரு மாற்று யோசனை. இந்த ஒரு வருஷம் மட்டும் 26 குழாயையும் அப்படியே எதிர்ப்பக்கமாகத் திருப்பிக் கட்டுங்கள். கம்பத்தை மாற்ற வேண்டாம், திருகை மட்டும் தளர்த்தினால் போதும். கமிட்டியார் வீடுகளுக்கு வாயும், மற்றவர்களுக்கு முதுகும் இருக்கட்டும். அடுத்த வருஷக் கூட்டத்தில் நான் வாயே திறக்க மாட்டேன்.

புளியமரத்துக் குழாய் 1979-ல் நான் போட்ட அதே கவட்டையில்தான் இன்னும் ஒவ்வொரு வருஷமும் ஏறுகிறது. அதை இறக்குவதாக இருந்தால் சொல்லி அனுப்புங்கள். ஏற முழங்கால் ஒத்துழைக்காது, ஏணியைப் பிடித்துக்கொள்கிறேன்.

அப்புறம், வில்லுக்கு நான் கொடுத்த 2,000-ஐ நன்கொடைப் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள். மைக்கில் வாசிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மேலத் தெரு பழைய குழாய்க்காரன்